வண்டும் வட்டுவாகற் பாலமும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் நெடுஞ்சாலை, புதுக்குடியிருப்பையும் முள்ளிவாய்க்காலையும் கடந்து, நகரை அடைவதற்குச் சற்று முன்னர் வட்டுவாகல் என்னும் இடத்தில் நீரைத் தாண்டுகின்றது. நந்திக்கடல் என்ற களப்பு கடலோடு கலக்கும் வாய் அது. அங்குள்ள பழைய பாலம் பார்வைக்கு மிக எளியது. தாழ்வானது, ஒடுங்கியது, ஒரு வாகனம் ஏறிவிட்டால் எதிரே வருவது கரையிற் காத்து நிற்கவேண்டும். மாரியில் வெள்ளம் பெருகும் ஆண்டுகளில் நீர் பாலத்தின் மேலாகவே பாயும், போக்குவரத்து நின்றுவிடும். அதன் கொங்கிறீற் வெடித்திருக்கிறது. உள்ளிருந்த கம்பி கறள் பிடித்து வெளியே தெரிகிறது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தின் நடுப்பகுதியில், முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய மணற்பரப்பில் அடைபட்டிருந்த மக்களுள் பல்லாயிரவர் இந்தப் பாலத்தின் வழியாகவே இராணுவத்தின் பக்கம் நடந்து சென்றார்கள். தம் பிள்ளைகளையும் கணவன்மாரையும் அந்த நாட்களில் அங்கே கையளித்தவர்கள் பலர். கையளிக்கப்பட்டோர் எங்கே என்னும் கேள்விக்கு இன்றுவரை விடை கிடைத்திலது.

2025ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆந் தேதி, அப்பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் ஒன்றை அமைக்கும் வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கிவைத்தார். போர் முடிந்து 16 ஆண்டுகள் கழிந்த பின்னர் இது நிகழ்ந்தது. தாமதமாயினும் வரவேற்கத்தக்க காரியமே. ஆனால் ஒரு பாலத்தைக் கட்டுவதோடு கதை முடிந்துவிடுவதில்லை. கட்டிய அன்றே அதன் தேய்வும் தொடங்கிவிடுகின்றது. அந்தத் தேய்வைக் கண்டுபிடிப்பதற்கு உலகம் இன்று புதிய கருவிகளைக் கையாள்கிறது. ஆளில்லாமற் பறக்கும் ட்ரோன்கள் பாலத்தின் அடிப்பாகத்தைப் படமெடுக்கின்றன. தூண்களில் தாமாகவே ஏறும் ரோபோக்கள், அதாவது ஏறுபொறிகள், கொங்கிறீற்றைத் தொட்டும் தட்டியும் சோதிக்கின்றன. இவை நாளை வட்டுவாகலுக்கும் வரக்கூடும். வரும்போது அவற்றுள் ஒன்று அந்த மண்ணுக்குப் புதிய விருந்தாளியாக இராது. வன்னி மக்கள் ஆளில்லா விமானத்தை நன்கறிவர். அதற்கு ஒரு பெயரும் வைத்திருந்தனர். இக்கருவிகளின் சரித்திரத்தை அவ்வூரிலிருந்து நோக்கினால் எவ்வாறு தோன்றும் என்பதையே நாம் இங்கு ஆராய முற்படுகிறோம்.

முதலிற் கொங்கிறீற்றைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அது கல்லைப் போல நிலையானது என்பது நம்மவரிடையே வேரூன்றிய நம்பிக்கை. ‘கல்வீடு’ கட்டுவது வாழ்வின் சாதனை என்று கருதும் சமூகத்தில் அந்த நம்பிக்கை இயல்பானதே. உண்மையில் கொங்கிறீற் அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இழுவையைத் தாங்கும் வலிமை அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே. அக்குறையை நிரப்பவே உள்ளே இரும்புக் கம்பி வைக்கப்படுகின்றது. 1867இல் ஜோசப் மொனியே என்ற பிரெஞ்சுத் தோட்டக்காரர் பூந்தொட்டிகள் உடையாதிருக்கும் பொருட்டுச் சீமெந்துக்குள் கம்பி வலையை வைத்து அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். மாளிகைகளும் அணைகளும் எழுவதற்கு வழிவகுத்தவர்களுள் ஒருவர் பூந்தொட்டி செய்தவர் என்பது உழைப்பாளரின் சரித்திரத்தை எழுதுவோர் மறக்கக்கூடாத செய்தி.

சீமெந்தின் காரத்தன்மை கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலமொன்றை உண்டாக்குகின்றது. அப்படலம் இருக்குமட்டும் கம்பிக்கு ஆபத்தில்லை. காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்லமெல்ல உட்புகுந்து காரத்தைக் குறைக்கிறது. கடற்காற்றோடும் உவர்நீரோடும் வரும் உப்பு அப்படலத்தையே துளைக்கின்றது. பின்னர் கம்பி கறள் கட்டும். கறள், அது தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை வேண்டி நிற்பது. இடமில்லாத இடத்தில் அது இடந்தேடும்போது கொங்கிறீற் உள்ளிருந்தே பிளக்கிறது. நாம் வெளியிற் காணும் வெடிப்பு நோயின் தொடக்கமன்று. நோய் பல்லாண்டுகளாக உள்ளே வளர்ந்ததன் அறிவிப்பு. களப்பும் கடலும் சூழ்ந்த முல்லைத்தீவுக் கரையில் இந்நோய் எளிதிற் பற்றும்.

வன்னியின் பழைய கட்டுமானம் மண்ணும் கல்லுமே. குளங்களின் அணைக்கட்டுகள் மண்ணால் எழுந்தவை. அலைகரைக்குக் கல் அடுக்கப்பட்டது. 1902இல் தொடங்கி 1920இல் நிறைவுற்ற இரணைமடுக் குளத்தின் அணைக்கட்டும் மண்ணணையே. குளத்தைப் பார்த்தல் என்பது அந்நாளில் கமக்காரரின் வாழ்வோடு கலந்திருந்தது. நீர்ப்பங்கீட்டை மேற்பார்த்த வட்டவிதானைமார் கட்டில் நடந்தார்கள். கசிவும் கறையான் புற்றும் எங்கேயென அறிந்திருந்தார்கள். பரிசோதித்தவர் வேறு, பாதிக்கப்படுவோர் வேறு என்ற பிரிவு அங்கு இருக்கவில்லை. அணை உடைந்தால் முதலில் அழிவது அவர்தம் வயலே.

சீமெந்து பெருகியது சுதந்திரத்தை அடுத்த ஆண்டுகளில். 1950இல் காங்கேசன்துறையிற் சீமெந்து ஆலை அமைந்தது. வன்னியில் குடியேற்றத் திட்டங்கள் விரிந்தன. பழைய குளங்கள் புதுப்பிக்கப்பட்டன. துருசுகளும் வான்கதவுகளும் மதகுகளும் பாடசாலைகளும் கொங்கிறீற்றால் எழுந்தன. காடு வெட்டிக் கழனியாக்க வந்த ஏழை விவசாயிக்கும், பின்னர் தெற்கிலும் மலையகத்திலும் அடிபட்டு வன்னிக்கு வந்து சேர்ந்த தோட்டத் தொழிலாளிக்கும் அந்தக் கட்டடங்களே அரசாங்கத்தின் கண்கண்ட உருவமாயிருந்தன. ஆனால் அவற்றை வட்டவிதானை பார்க்க முடியாது. கொங்கிறீற்றைப் பார்ப்பதற்குப் பொறியியலாளர் வேண்டும்; அவர் வருவதற்குக் கட்டளை வேண்டும்; கட்டளைக்குப் பணம் வேண்டும். இங்கேதான் பார்வை மக்களின் கையிலிருந்து நழுவிற்று.

பாலங்களையும் அணைகளையும் ஒழுங்காகச் சோதிக்கவேண்டும் என்ற சட்டம் எந்நாட்டிலும் முன்யோசனையாற் பிறக்கவில்லை, சவக்குழிகளின்மேற் பிறந்தது. அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் 1967 டிசெம்பர் 15ஆந் தேதி மாலையில் வீழ்ந்தது. 46 பேர் மாண்டனர். அது கொங்கிறீற்றன்று, உருக்குப் பாலம். ஓர் இணைப்புக் கம்பியில் இருந்த இரண்டரை மில்லிமீற்றர் அளவான வெடிப்பே அதற்குக் காரணம். அதன் பின்னரே, 1971இல், அந்நாட்டுப் பாலங்களைப் பொதுவாக இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதிக்கவேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் 1986 ஏப்ரில் 20ஆந் தேதி கந்தளாய்க் குளத்தின் மண்ணணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அணைகளின் பாதுகாப்பு என்ற சொற்றொடர் இலங்கையிற் பலராலும் பேசப்படத் தொடங்கியது அதன் பின்னர்தான்.

ஜப்பானிய உதாரணம் நமது ஆராய்ச்சிக்கு மிக நெருங்கியது. 1977இல் திறக்கப்பட்ட சசாகோ சுரங்கப்பாதையின் உட்கூரையில் தொங்கிய கொங்கிறீற் பலகைகள் 2012 டிசெம்பர் 2ஆந் தேதி நூறு மீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு வரிசையாக வீழ்ந்தன. 9 பேர் இறந்தனர். பலகைகளைத் தாங்கிய ஆணிகளைச் சுத்தியலாற் தட்டி, ஒலியைக் கேட்டுச் சோதிப்பது பழைய வழக்கம். நல்ல கொங்கிறீற் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளவுற்றது பொக்கென்று ஒலிக்கும். பழகிய காது இதைக் கணத்திற் பிரித்தறியும். ஆனால் உச்சியிலிருந்த ஆணிகளுக்குச் சுத்தியல் எட்டவில்லை. எட்டுவதற்குச் சாரம் கட்டவேண்டும். ஆகவே பல்லாண்டுகளாக அவை தட்டப்படாமலே ‘சோதிக்கப்பட்டன’. 2014இல் ஜப்பான், ஐந்தாண்டுக்கு ஒருமுறை கைக்கெட்டும் தூரத்தில் நின்று கண்ணாற் பார்த்தாக வேண்டும் என்று விதித்தது. பாலங்களோ இலட்சக்கணக்கில், பார்க்கத்தக்க பொறியியலாளரோ சிலர், கிராம சபைகளிடம் பணமும் இல்லை. 2019இல், மனிதன் அருகில் நின்று பார்ப்பதற்கு ஈடான செய்தியைத் தருமாயின் யந்திரத்தின் பார்வையையும் ஏற்கலாம் என விதி தளர்த்தப்பட்டது. ட்ரோனும் ஏறுபொறியும் அங்கு அரசாங்கத்தின் கண்களாக ஏற்கப்பட்ட வரலாறு சுருக்கமாக இதுவே.

இக்கருவிகள் என்ன செய்கின்றன? ட்ரோன், பாலத்தின் பக்கங்களையும் அடியையும் நெருங்கிப் பறந்து ஆயிரக்கணக்கான படங்களை எடுக்கின்றது. ஒன்றன்மேலொன்று படியும் அப்படங்களிலிருந்து கணினி முழுப்பாலத்தின் உருவத்தையும் முப்பரிமாணத்தில் அமைக்கின்றது. மயிரிழை போன்ற வெடிப்பும் அதிற் பதிவாகும்; அடுத்த ஆண்டு எடுக்கும் படத்தோடு ஒப்பிட்டு வெடிப்பு வளர்ந்ததா எனக் காணலாம். வெப்பத்தைக் காணும் கமெரா பூட்டப்பட்டிருந்தால், வெயிலேறும் வேளையில் உள்ளே பிளந்து நிற்கும் படை சுற்றியுள்ள பாகத்தைவிட விரைவாகச் சூடேறுவதைக் கொண்டு மறைந்த குற்றத்தையும் அனுமானிக்கலாம். பாலத்தின் அடியிற் செய்மதிச் சைகை மறைந்துவிடும். தூண்களைச் சுற்றிச் சுழலும் காற்று கருவியை மோதவிடும். இவை தீர்க்கத்தக்க இடையூறுகளே. தீராத குறை ஒன்று உண்டு: ட்ரோன் மேற்றோலை மட்டுமே பார்க்கின்றது. கறளோ உள்ளே வாழ்வது.

அதனாற்றான் ஏறுபொறி வேண்டப்பட்டது. உருக்குத் தூணில் ஏறுவதற்குக் காந்தச் சக்கரம் போதும். கொங்கிறீற்றில் காந்தம் ஒட்டாது. ஆகவே சில பொறிகள் பல்லி சுவரைப் பற்றுவதுபோலத் தோன்றினாலும், உண்மையில் காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கிப் பற்றுகின்றன. சில, விசிறிகளின் உந்துதலாற் சுவரோடு தம்மை அழுத்திக்கொண்டு உருளுகின்றன. கொங்கிறீற்றின் மேற்பரப்பை ஈரமாக்கி, அங்கு வைத்த மின்வாய்க்கும் உள்ளிருக்கும் கம்பிக்கும் இடையேயுள்ள மின்னழுத்த வேறுபாட்டை அளந்தால், கம்பி எவ்விடத்தில் அரிக்கப்படுகிறது என்பதை வெடிப்புத் தோன்றுமுன்னரே ஊகிக்கலாம். சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்விக்கூடத்தில் இவ்வளவீட்டைச் சுவரில் ஏறியவாறே செய்யும் பொறியொன்று உருவாக்கப்பட்டது. வேறு சில பொறிகள் சிறு சுத்தியலாற் தட்டி ஒலியைப் பதிவு செய்கின்றன. மேசனின் காதும் கையும் யந்திரத்துக்குப் பெயர்க்கப்பட்டன என்று சொன்னால் மிகையாகாது.

இதனால் மனிதனுக்கு இலாபமா நட்டமா என்று கேட்போர் உளர். கயிற்றில் தொங்கிக்கொண்டு அணைச் சுவரைத் தட்டுவதும், நீருக்கு மேலே சாரத்தில் நின்று தலைக்குமேல் உள்ள தளத்தைப் பார்ப்பதும் ஆபத்தான வேலைகள். தவறி வீழ்ந்தவர்களின் பெயர்கள் பாலத்தின் கல்வெட்டிற் பொறிக்கப்படுவதில்லை. அந்த ஆபத்தை யந்திரம் ஏற்குமாயின் அதனை எதிர்ப்பதற்கு நியாயமில்லை. தொழிலாளி கயிற்றிலிருந்து இறங்கவேண்டும். ஆனால் இறங்கியவன் வேலையிலிருந்தே இறக்கப்படக் கூடாது. அவன் காதில் சேர்ந்திருக்கும் அறிவே யந்திரத்தின் படத்தை வாசிப்பதற்கு வேண்டியது. இதைப் பேரம் பேசிப் பெறுவது தொழிற்சங்கங்களின் கடன். யந்திரம் தானாகத் தராது.

இத்தாலியின் ஜெனோவா நகரத்துக் கதையை இங்கு சற்று விரித்துரைப்பது அவசியம். பொறியியலாளர் றிக்காடோ மொறாண்டி வகுத்த பெரும்பாலம் 1967இல் திறக்கப்பட்டது. தாங்கும் உருக்குக் கம்பிகளைக் கொங்கிறீற்றாற் போர்த்தியமை அதன் புதுமை. போர்வை கம்பியைக் காக்கும் என்பது எண்ணம். பன்னிரண்டு ஆண்டுகள் கழிவதற்குள், கடற்காற்றும் அயலிலுள்ள ஆலைப்புகையும் கொங்கிறீற்றை அரிப்பதாக மொறாண்டியே எழுதினார். இடைவிடாத பராமரிப்பு வேண்டுமென எச்சரித்தார். 1990களின் தொடக்கத்தில் மூன்று கோபுரங்களுள் ஒன்றின் தாங்கிகளுக்கு வெளியே புதிய உருக்குக் கம்பிகள் பூட்டப்பட்டன. மற்றவை எஞ்சின. 1999இல் நெடுஞ்சாலை தனியார்மயமாயிற்று. சுங்கம் ஒழுங்காக வசூலானது. 2018 ஆகஸ்ட் 14ஆந் தேதி, புது உருக்குப் பெறாத ஒன்பதாம் இலக்கக் கோபுரம் வீழ்ந்தது. 43 பேர் இறந்தனர். வழக்கில் 59 பேர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டனர். 2020 ஆகஸ்டில் திறக்கப்பட்ட புதிய பாலத்தின் கீழே, படமெடுத்துக்கொண்டு தாமாக நகரும் ரோபோக்கள் அமைக்கப்பட்டன. அவை வியக்கத்தக்க பொறிகள்தாம். ஆயினும் பழைய பாலத்தின் நோயைப் பற்றி அறியாமையால் எவரும் சாகவில்லை. நோயை அறிந்திருந்தார்கள், வகுத்தவனே சொல்லியிருந்தான். பார்த்ததை எழுதுவதற்கும் எழுதியதன்படி செய்வதற்கும் இடையில் நாற்பதாண்டு கிடந்தது.

இனி வன்னிக்குத் திரும்புவோம். வன்னியின் கொங்கிறீற்றுக்கு வேறெங்கும் காணாத ஒரு நோய் உண்டு. 1990 முதல், போர் நடந்த காலமெங்கும், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பிரதேசங்களுக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டிருந்தது. எரிபொருள், மின்கலம், உரம் என நீண்ட அந்தத் தடைப் பட்டியலில் சீமெந்தும் இரும்பும் இருந்தன. பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பயன்படும் என்பது அரசு கூறிய காரணம். அதே ஆண்டிற் காங்கேசன்துறை ஆலையும் போரினால் நின்றுபோயிற்று. 2002 பெப்ரவரியின் போர்நிறுத்த உடன்படிக்கையை அடுத்துத் தடை தளர்ந்தது. 2006 ஆகஸ்டில் யாழ்ப்பாண நெடுஞ்சாலை மூடப்பட்டதோடு மீண்டும் நெருக்கடி. இடிந்த மதகைத் திருத்த ஒரு மூடை சீமெந்து வேண்டும் என்பது ஊரவர் எல்லார்க்கும் தெரியும்; அந்த ஒரு மூடைக்கு ஓமந்தை தாண்ட அனுமதியில்லை. இத்தகைய காலத்தைக் கடந்துவந்த பாலத்தின் வெடிப்பை ட்ரோன் படமெடுத்து அகலம் இத்தனை மில்லிமீற்றர் என்று சொல்லும். அது ஏன் திருத்தப்படவில்லை என்பதை எந்தக் கமெராவும் சொல்லாது. அதைச் சொல்லுவது சரித்திரத்தின் வேலை.

போரின்போது வன்னியைக் கண்ட கண்களுக்குக் குறைவிருக்கவில்லை. இலங்கை வான்படை 1990களின் நடுப்பகுதியிலேயே இஸ்ரேலிய ஆளில்லா வேவு விமானங்களைப் பெற்றது. இறுதிப் போரில் அவை வன்னி வானில் இடையறாது சுற்றின. அவற்றின் இரைச்சலைக் கொண்டு மக்கள் அதனை ‘வண்டு’ என்றனர். வண்டு சுற்றினால் எறிகணையோ ‘கிபிரோ’ பின்தொடரும் என்பது சிறுவருக்கும் தெரிந்திருந்த பாடம். வண்டின் ஒலி கேட்டதும் அடுப்பை அணைத்துப் பதுங்குகுழிக்குள் இறங்கினார்கள். அந்தப் பதுங்குகுழிகளிற் கொங்கிறீற் இருக்கவில்லை. கடற்கரை மணல் நிற்காது. ஆதலால் சேலைகளை வெட்டித் தைத்து மணல் நிரப்பிய மூட்டைகளை அடுக்கினார்கள். கூறைச் சேலையும் அதற்குப் போயிற்று.

2009 ஜனவரி 21ஆந் தேதி அரசாங்கம் முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. பெப்ரவரியில் கரையோரமாக இரண்டாவது வலயம். மே 8ஆந் தேதி, அதனிலும் மிகச் சுருங்கியதாக, முள்ளிவாய்க்காலில் மூன்றாவது. வலயம் சுருங்கச் சுருங்கக் கண் நெருங்கிற்று. ஏப்ரில் 20ஆந் தேதி புதுமாத்தளனில் மண்ணணை உடைபட்டு மக்கள் வெளியேறியபோது ஆளில்லா விமானம் எடுத்த படம் தொலைக்காட்சிகளில் ஓடியது. மேலிருந்து பார்க்கையில் மக்கள் எறும்புகளைப்போல வரிசையாக ஊர்ந்தார்கள். முகம் எதுவும் தெரியவில்லை. 2011இல் வெளிவந்த ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை, அந்த இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக்கூடும் என்றது. பாதுகாப்பு வலயங்களும் மருத்துவமனைகளும் எறிகணை வீச்சுக்கு உள்ளானதைப் பதிவு செய்தது. புலிகள் மக்களைத் தடுத்து வைத்ததையும், தப்பியோட முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்தது. காண முடியாததால் நிகழ்ந்த அழிவு அன்று அது. வானத்திலிருந்து ஒரு கண் பார்த்துக்கொண்டிருந்தபோது நிகழ்ந்தது.

கிளிநொச்சி நகரின் பெரிய நீர்த்தாங்கியின் கதையும் இதனோடு சேர்த்தெண்ணத் தக்கது. 2009 ஜனவரி 2ஆந் தேதி இராணுவம் நகரைக் கைப்பற்றியபோது அது சரிந்து கிடந்தது. பின்வாங்கிய புலிகள் தகர்த்தனர் என அரசாங்கம் கூறியது. சரிந்த பேருருவம் அகற்றப்படாமல், மீண்டும் அழிவு வேண்டாம் என்னும் பொருள்படும் பலகையோடு பல்லாண்டுகள் காட்சிப் பொருளாக வைக்கப்பட்டது. தெற்கிலிருந்து வந்த சுற்றுலாப் பயணிகள் அதன் முன்னின்று படமெடுத்தனர். ஒரு பொறியியலாளனுக்கு அது மூட்டு முறிந்த தூண்களும் வளைந்த கம்பிகளுமாகும். வென்றவர்க்கு எதிரியின் குற்றத்துக்குச் சாட்சி. அந்த ஊர்ப் பெண்ணுக்கோ, குடம் நிரம்பாத ஆண்டுகள். ஒரே கொங்கிறீற்றை மூவர் மூவிதமாக வாசித்தனர். பலகையில் எழுதும் உரிமை ஒருவரிடமே இருந்தது.

இங்குதான் பரிசோதனைக் கருவிகளைப் பற்றி வன்னிக்கு மட்டுமே உரிய கேள்வி ஒன்று எழுகின்றது. எறிகணை துளைத்த சுவர், பொறியியல் அறிக்கையிலே ‘மேற்பரப்புச் சேதம்’ எனப்படும், உப்பும் ஈரமும் புகும் வாசல் அது, உடனே அடைக்கவேண்டும். சட்டத்தின் முன்னோ அதே துளை எந்தத் திசையிலிருந்து எது வந்தது என்பதற்குச் சான்று. பாடசாலைகளும் வீடுகளும் பூசி மெழுகப்பட்டபோது மழை உள்ளே வராமற் போயிற்று, சான்றும் போயிற்று. பிள்ளைகள் படிக்கவேண்டிய சுவரைப் பூசாமல் விடு என்று நாம் சொல்லத் துணியோம். ஆனால் பூசுமுன்னர் முப்பரிமாணத்தில் மில்லிமீற்றர் பிசகாமற் பதிவு செய்து வைக்கும் வசதி இன்று ஒரு ட்ரோனிலும் கணினியிலும் அடங்கியிருக்கிறது. எஞ்சியிருக்கும் இடிபாடுகளுக்கேனும் இது செய்யப்படவேண்டும். பாலத்தின் ஆயுளைக் கணக்கிடும் அதே கருவி நீதியின் நினைவையும் காக்க வல்லது. வல்லது என்பதால் அதை இயக்குவோன் யார் என்பது பெரிய கேள்வியாகிறது.

அக்கேள்விக்கு வட்டுவாகலில் விடை எளிதன்று. பாலத்தின் அயலில், 600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் கடற்படை முகாம் இருக்கின்றது. தனியார் காணிகளும் அதனுள் அடங்கியுள்ளன. அவற்றைச் சுவீகரிக்க நில அளவையாளர் வந்தபோதெல்லாம் காணிக்குரியோர் திரண்டு மறித்தனர். இலங்கையில் ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் ஒழுங்குவிதிகள் உண்டு. 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளை அடுத்து அந்நாட்களில் ட்ரோன்கள் முற்றாகவே தடுக்கப்பட்டன. விமானத்துக்கும் மக்களுக்கும் ஆபத்து நேராதபடி விதிகள் வேண்டியதே. ஆனால் முகாமின் நிழலில் உள்ள ஒரு பாலத்தைப் பிரதேச சபையோ பல்கலைக்கழக மாணவரோ சோதிக்க விரும்பினால் அவர்கள் எத்தனை வாசல்களிற் காத்திருக்கவேண்டும்? வானம் ஒருதரம் படையினருக்குரியதாகிவிட்டால், சமாதானம் வந்த பின்னரும் அது இலேசில் மக்களிடம் திரும்புவதில்லை. வண்டைப் பார்த்துப் பதுங்கிய பிள்ளைக்கு இன்று இருபதுக்கு மேல் வயது; பாலத்தைப் பார்க்கவரும் ட்ரோனின் இரைச்சல் அவன் காதில் என்னவாக விழும் என்பதையும் பொறியியலாளர் நினைந்து, ஊரவருக்கு முன்னறிவித்தே பறக்கவிடுதல் பண்பாகும்.

பார்வை பலன் தருவதற்கு அண்மையில் உதாரணம் இல்லாமலில்லை. பாக்கு நீரிணைக்கு அப்பால், வன்னிக் கரையைப் போன்றே உப்புக்காற்றில் நனையும் பாம்பனில், 1914இல் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம் நின்றது. அதன் அதிர்வை இடையறாது அளப்பதற்கு உணர்கருவிகள் பொருத்தப்பட்டிருந்தன. 2022 டிசெம்பரில் அவை எச்சரித்தன, ரயில்கள் நிறுத்தப்பட்டன. இராமேசுவரம் செல்வோர்க்குப் பெரும் இடைஞ்சலே. 2025 ஏப்ரில் 6ஆந் தேதி புதிய பாலம் திறக்கப்படும்வரை அவர்கள் மண்டபத்தில் இறங்கி வீதி வழியே சென்றனர். எவரும் சாகவில்லை. அங்கே சொன்ன கருவிக்குச் செவிகொடுக்கும் அதிகாரி இருந்தான். செவிகொடுத்தபின் செலவிடப் பணம் இருந்தது.

நம் பக்கத்திலோ, 2018 டிசெம்பர் 21, 22ஆந் தேதிகளில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்கள் வெள்ளத்தில் மூழ்கின. கதவுகளை எப்போது திறந்திருக்கவேண்டும், யார் கட்டளையிட்டிருக்கவேண்டும் என்ற விவாதம் வெள்ளம் வடிந்த பின்னர் விசாரணையாகியது. 2025 நவம்பரில் வீசிய டித்வா புயல் நாடெங்கும் 600க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டு, பாலங்களையும் வீதிகளையும் அள்ளிச் சென்றது. இனி ஒவ்வொரு மாரியும் முந்தியதைவிடக் கடுமையாக இருக்கலாமெனக் காலநிலை ஆராய்வோர் கூறுகின்றனர். ஆகவே பாலங்களைப் பார்க்கும் வேலை ஆண்டுக்கொரு சடங்காகச் செய்யத்தக்கதன்று. நாட்டின் எல்லாப் பாலங்களுக்கும் அணைகளுக்கும் ஏறுபொறி வாங்க நம்மாலியலாது என்பது வெளிப்படை. ஒரு ட்ரோனும், பயிற்றப்பட்ட இரண்டு இளைஞரும், ஒரு சுத்தியலும் ஒவ்வொரு மாவட்டத்துக்கும் இயலாத காரியமன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சியிலேயே இருக்கின்றது.

புதிய வட்டுவாகற் பாலத்துக்கு இதை முதல் நாளிலிருந்தே செய்யலாம். திறக்கப்படும் அன்று, கறையும் வெடிப்பும் படியுமுன்னர், பாலத்தின் ஒவ்வொரு சாணும் படமாக்கப்படவேண்டும். பின்னர் வருவதனைத்தும் அதனோடு ஒப்பிடப்படும். கம்பியின்மேல் எத்தனை மில்லிமீற்றர் கொங்கிறீற் உண்மையிற் போடப்பட்டது என்பதும் அளந்து எழுதப்படவேண்டும். ஏனெனில் ஒப்பந்தத்தில் எழுதியதற்கும் அச்சுக்குள் ஊற்றியதற்கும் உள்ள வேறுபாடே களப்பின் உப்புக்கு வழிவிடும் கதவு. அந்த அறிக்கை தமிழில் எழுதப்பட்டு, முல்லைத்தீவில் எவரும் கேட்டு வாசிக்கத்தக்க இடத்தில் வைக்கப்படவேண்டும். தகவலறியும் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டிலேயே நிறைவேறியிருக்கிறது.

2017 மார்ச் 8ஆந் தேதி முல்லைத்தீவில் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். அவர்கள் கேட்பதும் ஓர் அறிக்கையைத்தான். 2009 மே மாதம் நந்திக்கடலின்மேற் சுற்றிய வண்டு படமெடுத்தது. அதில் ஒரு பகுதியை அன்று தொலைக்காட்சியில் உலகமே பார்த்தது. வட்டுவாகற் பாலத்தில் யார் நடந்து சென்றார்கள், அக்கரையில் எந்த வாகனத்தில் ஏற்றப்பட்டார்கள் என்பதற்கு அந்தப் படங்களில் ஏதேனும் விடை இருக்குமாயின், அவை இருக்குமிடம் அரசாங்கத்தின் பெட்டகம். புதிய பாலத்தின் படங்களைக் கேட்கும்போது நாம் அந்தப் பழைய படங்களையும் சேர்த்தே கேட்கிறோம்.